கிராம்பு மென்றால் கருவி ஏமாறுமா?

இரவு ஒன்பது மணிக்கு மேல் மளிகைக் கடைக்கு வந்து ஐந்து ரூபாய்க்குக் கிராம்பும் ஏலக்காயும் கேட்பவர்கள் எல்லோரும் பிரியாணி செய்யப் போகிறவர்கள் அல்ல என்பது கடை நடத்தும் நம் அனைவருக்கும் தெரிந்ததே. அவர்களில் பலர் மதுக்கடையிலிருந்து நேராக வருபவர்கள். வீட்டில் வாடை தெரியக் கூடாது, வழியில் போலீசார் நிறுத்தி ஊதச் சொன்னால் கருவியில் ஒன்றும் காட்டக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். கடைக்காரர்களில் சிலர், "நாலு கிராம்பை மென்னுட்டுப் போங்க, ஒண்ணும் காட்டாது" என்று யோசனையும் சொல்லி அனுப்புகிறார்கள்.

இன்னொரு பக்கம், மதுவைத் தொடாத டிரைவர்களுக்கு வேறு விதமான பயம். இருமல் மருந்து சாப்பிட்டிருக்கிறோமே, அரிஷ்டம் குடித்திருக்கிறோமே, ஊதினால் மாட்டிக்கொள்வோமோ என்று கலங்குகிறார்கள்.

இந்தத் தைரியம், இந்தப் பயம் இரண்டுமே பெரும்பாலும் காதால் கேட்ட செய்தியை வைத்து வந்தவை. நம் சங்க உறுப்பினர்களில் பலர் ஒரு மினி வண்டியாவது வைத்திருப்பவர்கள். வண்டி இல்லாதவர்களும் வாடகை வண்டியில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களே. ஆகவே அந்தக் கருவி எதை அளக்கிறது, எதற்கு அசையும், எதற்கு அசையாது என்பதை நாம் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

கருவி அளப்பது வாடையை அல்ல

முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். அந்தக் கருவிக்கு மூக்கு இல்லை. வாயில் வரும் வாடையை அது அளப்பதில்லை. நுரையீரலிலிருந்து வரும் காற்றில் உள்ள ஆல்கஹாலின் அளவை மட்டுமே அளக்கிறது.

குடித்த மது இரைப்பையிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் உடல் முழுவதும் ஓடும்போது நுரையீரலுக்கும் போகிறது. அங்கே ரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே மிக மெல்லிய சவ்வுதான் உண்டு. ஆல்கஹால் எளிதில் ஆவியாகும் பொருள். எனவே ரத்தத்தில் உள்ளதில் ஒரு சிறு பங்கு ஆவியாகி, வெளியே விடும் மூச்சில் கலந்து வருகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் உண்டோ, ஏறத்தாழ அதே அளவு 2,100 மில்லி மூச்சுக் காற்றில் இருக்கும் என்பது கணக்கு. இந்த விகிதத்தை வைத்துத்தான் மூச்சை அளந்து, ரத்தத்தில் இவ்வளவு என்று கருவி காட்டுகிறது.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலக் காவல் துறையில் பணியாற்றிய ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954-ல் உருவாக்கிய கருவியில், ஆரஞ்சு நிறத் திரவம் ஒன்று ஆல்கஹால் பட்டதும் பச்சையாக மாறும். அந்த நிறமாற்றத்தை வைத்து அளவு சொல்வார்கள். இன்று சாலைச் சோதனைக்கான தரமான கையடக்கக் கருவிகளில் பிளாட்டினம் பூசிய சிறு மின்கலம் உள்ளது. ஆல்கஹால் அதன் மீது பட்டால் வேதி மாற்றம் நடந்து சிறிதளவு மின்சாரம் உண்டாகும். ஆல்கஹால் எவ்வளவோ அதற்கேற்ப மின்சாரம். அதை எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது, அவ்வளவே.

மிளகு மூட்டைக்குச் சாம்பிராணி காட்டினால் குடோன் முழுக்க மணக்கும். ஆனால் தராசில் மூட்டையின் எடை ஒரு கிராமாவது குறையுமா? கிராம்பு விஷயமும் அதேதான்.

எதனால் அளவு குறையாது?

கிராம்பு, ஏலக்காய், சோம்பு, புதினா மிட்டாய், வெற்றிலை பாக்கு, வெங்காயம், பூண்டு ஆகிய எல்லாமே வாயில் வேறொரு வாசனையை நிரப்புபவை. எதிரே நிற்பவரின் மூக்கை அவை சிறிது நேரம் ஏமாற்றலாம். நுரையீரல் காற்றை ஒன்றும் செய்யாது.

கொய்யா இலை, துளசி, கொத்தமல்லி மெல்வதும் இதே கதைதான். நாக்கின் அடியில் செப்புக் காசு வைத்துக்கொண்டால் காட்டாது என்று ஒரு நம்பிக்கை. அதற்கும் எந்த ஆதாரமும் இல்லை.

காபி, எலுமிச்சைச் சாறு, மோர், இளநீர் ஆகியவற்றால் போதை தெளியும் என்பார்கள். காபி தூக்கத்தைக் கலைக்கும். மற்றவை தாகத்தைத் தணிக்கும். ரத்தத்தில் ஏறிவிட்ட ஆல்கஹாலை இவற்றால் இறக்க முடியாது. குளிர்ந்த நீரில் குளிப்பதும் நான்கு தெரு நடப்பதும் இந்த வகையில் சேர்ந்தவைதான்.

வாந்தி எடுத்தால் போய்விடும் என்பதும் தவறு. ரத்தத்தில் இன்னும் சேராமல் இரைப்பையில் இருப்பது மட்டுமே வெளியே வரும். ஏறியது ஏறியதுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் மது மெதுவாக ரத்தத்தில் ஏறும், உச்ச அளவும் குறையும். ஆனால் குடித்து முடித்து ரத்தத்தில் ஏறிய பிறகு பரோட்டா சாப்பிடுவதால் பயன் இல்லை.

ஊதும் விதத்தை மாற்றி ஏமாற்றலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஊதுவதற்கு முன் வேகமாகப் பல முறை மூச்சு வாங்கினால் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் குறையக்கூடும். மூச்சை அடக்கிப் பிறகு ஊதினால் ஏறத்தாழ 15 சதவீதம் கூடவும் கூடும். 60 காட்ட வேண்டியது 54 காட்டுவதால் யாரும் தப்பிக்கப் போவதில்லை. மேலும் ஊதல் சீராகவும் போதிய நேரமும் இல்லாவிட்டால், கருவி அதை ஏற்காமல் மறுபடி ஊதச் சொல்லும்.

குடிக்காதவருக்கும் காட்டுமா?

காட்டக்கூடும். ஆனால் அதற்கு ஒரு கால அளவு உண்டு. ஆல்கஹால் கலந்த பொருள் எதுவானாலும் வாயில் பட்டவுடன் அதன் ஆவி சிறிது நேரம் வாயிலேயே தங்கும். அந்த நேரத்தில் ஊதினால் நுரையீரல் காற்றுடன் வாயில் உள்ள ஆவியும் சேர்ந்து போய், கருவி அதிகமாகக் காட்டிவிடும். இதை வாய் ஆல்கஹால் என்பார்கள். 15 நிமிடத்தில் அது கலைந்துவிடும். ஊதுவதற்கு முன் 15 நிமிடம் எதையும் சாப்பிடாமல் குடிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே.

நம் கடைகளில் விற்கும் பொருள்களிலேயே இந்த வகையைச் சேர்ந்தவை பல உள்ளன.

வாய் கொப்பளிக்கும் மவுத்வாஷ்: எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் சில வகைகளில் 20 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் உண்டு. வாடையை மறைக்க வேண்டும் என்று இதைக் கொப்பளித்துவிட்டு உடனே ஊதுபவருக்கு அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். விளக்கெண்ணெய் என்று நினைத்து நெருப்பில் பெட்ரோல் ஊற்றிய கதைதான்.

அரிஷ்டம், ஆசவம்: இவை புளிக்க வைத்துத் தயாரிக்கப்படுபவை. தானாக உண்டான ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்று புட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் இருக்கும். 30 மில்லி குடித்தால் உடலுக்குள் போவது இரண்டரை கிராமுக்கும் குறைவு. 65 கிலோ எடையுள்ளவருக்கு ரத்தத்தில் 5 மில்லிகிராம் அளவுக்கு மேல் வராது. ஆனால் குடித்த கையோடு ஊதினால் அதிகமாகக் காட்டலாம்.

ஹோமியோபதி சொட்டு மருந்து, சில இருமல் மருந்துகள், சில ஆஸ்துமா இன்ஹேலர்கள்: இவற்றிலும் ஆல்கஹால் சேர்ந்திருப்பதுண்டு. அளவு மிகச் சொற்பம். வாயில் உள்ளது கலைந்ததும் கருவியில் தெரிவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ரம் சேர்த்த பிளம் கேக், மது நிரப்பிய சாக்லேட்: இவையும் தின்றவுடன் சிறிது காட்டலாம்.

மிகவும் பழுத்துப் புளிப்பேறிய பழங்கள்: 2025 ஜூலையில் கேரளத்தில் பந்தளம் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் நடந்தது பத்திரிகைகளில் வந்தது. குடிக்காத டிரைவர்கள் காலையில் ஊதியபோது கருவி காட்டிவிட்டது. அவர்கள் சாப்பிட்டிருந்தது பலாச்சுளை. சோதனைக்காக, முதலில் ஊதி ஒன்றும் காட்டாத ஒருவருக்குப் பலாச்சுளை கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். அவருக்கும் காட்டியது. வெயிலில் பழுத்த பழத்தில் சர்க்கரை புளித்துச் சிறிதளவு ஆல்கஹால் உண்டாவதே இதற்குக் காரணம். இதைக் கேட்டுப் பழ வியாபாரிகள் கவலைப்பட வேண்டியதில்லை. இதுவும் சிறிது நேரத்தில் கலைந்துவிடும் விஷயமே.

கை சுத்தம் செய்யும் சானிடைசர்: இது வாயில் படுவதில்லை. ஆனால் கையில் தடவி ஈரம் காயும் முன் கருவியைப் பிடித்தால் ஆவி கருவிக்குள் போகலாம். கை காய்ந்த பிறகே சோதனை நடக்க வேண்டும்.

உடல் நிலையும் கருவியின் நிலையும்

காய்ச்சல் இருந்தால் அளவு சற்றுக் கூடும். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஆனால் இது உள்ளதைப் பெருக்கிக் காட்டுவது மட்டுமே. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். குடிக்காதவருக்குக் காய்ச்சல் வந்ததால் 40 காட்டாது.

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், நீண்ட நேரம் பட்டினி இருப்பவர்களுக்கும் மூச்சில் அசிட்டோன் என்ற பொருள் வரும். அதன் வாடை சிலருக்கு மதுவாடை போலவே தோன்றும். பிளாட்டினம் மின்கலம் உள்ள கருவி அசிட்டோனை ஆல்கஹாலாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் குறை கடத்தி உணரி வைத்த மலிவுக் கருவிகள் குழம்பக்கூடும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. சர்க்கரை திடீரெனக் குறைந்துபோனால் நாக்கு குழறும், நடை தள்ளாடும், வியர்த்துக் கொட்டும், பேச்சில் கோபம் வரும். பார்ப்பவர்கள் குடித்திருப்பதாகவே நினைப்பார்கள். நம் வண்டி ஓட்டுபவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அவர் சட்டைப் பையில் மருத்துவர் சீட்டும் கொஞ்சம் சர்க்கரை அல்லது மிட்டாயும் கட்டாயம் இருக்க வேண்டும். சோதனை செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கருவியைப் பொறுத்தவரை, நம் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோமே, அதுபோல் இதற்கும் குறித்த காலத்தில் அளவு சரிபார்த்தல் தேவை. மின்கலத்துக்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஊதுகுழலைப் புதிதாக மாற்ற வேண்டும். முந்தைய ஆள் ஊதியதன் மிச்சம் இல்லாமல் கருவி பூஜ்யத்துக்கு வந்த பிறகே அடுத்தவர் ஊத வேண்டும். தட்டில் முந்தைய சரக்கு கிடக்கும்போது அடுத்த எடையை நாம் வைப்போமா?

உண்மையில் அளவைக் குறைப்பது நேரம் மட்டுமே

மேலே சொன்னவற்றையெல்லாம் விட நமக்கு அதிக நஷ்டத்தைத் தரக்கூடியது வேறொன்று. ராத்திரி குடித்துவிட்டுத் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையே அது. விடியற்காலை மார்க்கெட்டுக்கு வண்டி அனுப்புகிற நாம் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைக் கல்லீரல்தான் எரித்துத் தீர்க்கிறது. அதன் வேகம் மணிக்கு 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 15 மில்லிகிராம். ஆளுக்கு ஆள் 10 முதல் 20 வரை வேறுபடும். தூங்கினாலும் விழித்திருந்தாலும் அதே வேகம்தான். கல்லீரலை அவசரப்படுத்த எந்த மருந்துக் கடையிலும் மருந்து இல்லை.

இப்போது கணக்கு. ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் வகைகளில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஒரு மில்லியின் எடை 0.79 கிராம். ஆக மொத்தம் சுமார் 61 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் இது பரவும் பகுதி சுமார் 44 கிலோ. 61 கிராமை 44 கிலோவில் கலந்தால், 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 138 மில்லிகிராம் வருகிறது.

அவர் இரவு 10 மணிக்குக் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 வீதம் கழித்துக்கொண்டே வந்தால்:

நள்ளிரவு 12 மணிக்கு 108.
அதிகாலை 2 மணிக்கு 78.
4 மணிக்கு 48.
5 மணிக்கு 33.
6 மணிக்கு 18.

சட்டம் அனுமதிக்கும் எல்லை 30. அதிகாலை 4 மணிக்கு வண்டி எடுக்கும் டிரைவர், ஆறு மணி நேரம் கடந்த பிறகும் எல்லைக்கு மேல்தான் இருக்கிறார். குளித்து, பல் துலக்கி, திருநீறு பூசி, காபி குடித்துவிட்டு நம் முன்னால் நிற்பார். வாடை இருக்காது. அவருக்கே தான் தெளிந்துவிட்டதாகத்தான் தோன்றும். பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊதினால் காட்டும்.

அவருடைய கல்லீரலின் வேகம் மணிக்கு 10 மட்டுமே என்றால் காலை 6 மணிக்கும் 58 இருக்கும். இரண்டு குவாட்டர் குடித்திருந்தால், மணிக்கு 15 என்ற கணக்கில் கூட மறுநாள் பிற்பகல் இரண்டரை மணி அளவில்தான் 30-க்குக் கீழே வரும். உடல் எடை குறைந்தவர்களுக்கு இந்த எண்கள் இன்னும் கூடும்.

பீர் என்றால் பரவாயில்லை என்பதும் சரியல்ல. 5 சதவீதம் உள்ள 650 மில்லி பீர் ஒன்றில் சுமார் 26 கிராம் ஆல்கஹால். அதே ஆளுக்கு 58 வரை ஏறும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 90-ஐத் தாண்டும். 60 மில்லி மது ஒரே ஒரு முறை குடித்தாலும் 46 வரை போகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குடித்த உடனே உச்சம் வருவதில்லை. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு ஏறுகிறது. கடைசிக் குவளையை முடித்துவிட்டு, ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்புபவருக்குப் பாதி வழியில்தான் ஏறும்.

மேலே கொடுத்தது பொதுக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். எனவே "மணி பார்த்து ஓட்டலாம்" என்பதற்காக இதைப் பயன்படுத்த வேண்டாம். அதிகாலை வண்டி எடுக்க வேண்டிய ஆள் முந்தைய இரவு குடிக்கக் கூடாது என்பதற்காக மட்டுமே பயன்படுத்துங்கள்.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு இதைப் பற்றியது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்ற எல்லை 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பு முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாய் வரைதான் அபராதம் இருந்தது.

ஊத மறுத்தால் தப்பலாம் என்பதும் தவறான யோசனை. தக்க காரணம் இல்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே அவருக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ள 205-வது பிரிவு இடம் தருகிறது. அதே சமயம் குடிக்காதவருக்குப் பாதுகாப்பும் உண்டு. 204-வது பிரிவு ரத்தப் பரிசோதனைக்கு வழி செய்கிறது. கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது.

அபராதத்தை விடப் பெரியது இன்சூரன்ஸ் விஷயம். குடித்து ஓட்டிய வண்டிக்குச் சேத இழப்பீடு கிடையாது என்பது பாலிசியிலேயே எழுதியிருக்கும் நிபந்தனை. 2021 ஏப்ரலில் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எல்லோரும் அறிய வேண்டும். டில்லியில் 2007-ல் நடந்த விபத்து அது. ஓட்டியவருக்கு மூச்சுச் சோதனையும் நடக்கவில்லை, ரத்தச் சோதனையும் நடக்கவில்லை. இருந்தும் மதுவாடை இருந்ததாகப் பதிவான மருத்துவக் குறிப்பையும் விபத்து நடந்த விதத்தையும் வைத்து, இழப்பீடு மறுத்த கம்பெனியின் முடிவை நீதிமன்றம் ஏற்றது. ஆக, கருவியில் சிக்காமல் போனால் போதும் என்று நினைப்பவருக்கு அங்கேயும் பாதுகாப்பு இல்லை.

விபத்தில் மூன்றாம் நபர் பாதிக்கப்பட்டால், கம்பெனி அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க உத்தரவாகலாம். வண்டி ஓட்டியது டிரைவர், பணம் கட்டுவது நாம். ஒரு சிறு வியாபாரி ஆயுள் முழுக்கச் சேர்த்த முதல் அதில் கரைந்துவிடும். எதிரே வந்தவரின் உயிர் போயிருந்தால் அதற்கு எந்த முதலும் ஈடாகாது.

நாம் செய்ய வேண்டியவை

கடைக்காரர்களுக்கு: கிராம்பும் ஏலக்காயும் தாராளமாக விற்கலாம். ஆனால் அதை மென்றால் கருவியில் காட்டாது என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கேட்பவர் தைரியமாக வண்டியை எடுத்துவிடுவார். "வண்டியை இங்கேயே விட்டுட்டு ஆட்டோவில் போங்கண்ணே, காலையில் எடுத்துக்கலாம்" என்று சொன்னால் அந்த வாடிக்கையாளர் நாளைக்கும் நம் கடைக்கு வருவார்.

மவுத்வாஷ், அரிஷ்டம், இருமல் மருந்து வாங்கும் டிரைவர்களுக்கு, சாப்பிட்ட பிறகு 15 நிமிடமாவது கழித்துக் கிளம்பச் சொல்லலாம்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: அதிகாலை லோடு இருக்கும் நாளில் யார் ஓட்டுவது என்பதை முந்தைய மாலையே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். "குடிச்சிருந்தா சொல்லிடு, வேற ஆளை அனுப்புறேன். அன்றையக் கூலியை மட்டும்தான் பிடிப்பேன், வேலையை விட்டு அனுப்ப மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் எந்த டிரைவரும் உண்மையைச் சொல்ல மாட்டார். கடை திறக்க ஒரு மணி நேரம் தாமதமானால் வரும் நஷ்டத்தை நாம் தாங்கலாம்.

மூன்று நான்கு வண்டி வைத்திருப்பவர்கள் சொந்தமாக ஒரு கருவி வாங்கி வைப்பதும் நல்லதே. பிளாட்டினம் மின்கலம் உள்ளதா, அளவு சரிபார்த்துத் தரும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சங்கத்தின் மூலம் பலர் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும். வண்டி கிளம்பும் முன் 15 நிமிடம் எதுவும் சாப்பிடாமல் இருக்கச் செய்து, இரண்டு முறை ஊதச் சொல்லிப் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் மட்டுமே சாவியைக் கொடுங்கள். 30-க்குள் இருக்கிறதே என்று கொடுக்காதீர்கள். பூஜ்யத்துக்கும் 30-க்கும் இடையில் உள்ள அளவிலேயே கண் பார்வையும் கை வேகமும் குறையத் தொடங்கிவிடும்.

டிரைவர்களுக்கு: சோதனையில் நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம். குடிக்காத நிலையில் கருவி காட்டிவிட்டால், கடைசியாக எதைச் சாப்பிட்டோம், எப்போது சாப்பிட்டோம் என்பதைப் பணிவாகச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்துப் புதிய ஊதுகுழலில் மறுபடி ஊத வாய்ப்புக் கேளுங்கள். வாயில் இருந்ததுதான் காட்டியது என்றால் இரண்டாம் முறை இறங்கிவிடும். அப்போதும் தீராவிட்டால் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். முதலாளிக்கு உடனே போன் செய்து சொல்லுங்கள். சாப்பிட்டுவரும் மருந்தின் சீட்டும் அட்டையும் வண்டியிலேயே இருக்கட்டும்.

உறுப்பினர்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து, குடோனில் சாவி மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.